மெல்ல வளரும் செடியும் அவசரக் கத்தரியும்

எங்கள் வீட்டு வாயிலின் இருபுறமும் இரண்டு தூஜாச் செடிகள் நின்றன. வீடு மந்திரிக்கப்பட்ட நாளன்று என் தந்தையார் தம் கையாலேயே குழி தோண்டி நட்டவை அவை. ஒரு சாண் உயரக் கன்றுகளாக வந்தவை என் தோளுயரத்தை எட்டப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அவர் மறைந்த பின்னர் வந்த ஒரு டிசம்பர் மாதத்தில், பங்கு ஆலயத்தில் குடில் அமைப்பதற்குப் பசுங்கிளைகள் வேண்டுமென்று இளைஞர்கள் சிலர் வந்து கேட்டனர். "தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள், செடியும் அடர்ந்து கிடக்கிறது, வெட்டினால் இன்னும் நன்றாகத் துளிர்க்கும்" என்று சொல்லி, அரிவாளையும் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். வலப்புறச் செடியின் ஒரு பக்கம், பழுப்பு நிறக் கட்டை தெரியும் அளவுக்கு, அடி முதல் இடுப்பளவு வரை வழிக்கப்பட்டது. குடில் மிக அழகாக அமைந்தது. செடியின் அந்தப் பக்கத்திலோ அதன் பின்னர் ஓர் இலையேனும் தோன்றவில்லை.

ஓராண்டு காத்திருந்தேன். எரு இட்டேன், நீர் ஊற்றினேன். இரண்டாம் ஆண்டும் கழிந்தது. என் அன்னையார் இதுபற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. மாலையில் செபமாலைக்கு முன்பாகத் திண்ணையில் வந்து அமரும்போது மட்டும், நாற்காலியை இடப்புறச் செடியைப் பார்த்தவாறு திருப்பிப் போட்டுக்கொள்வார்.

அந்த நாற்காலிதான் என்னைத் தோட்டக்கலை நூல்களின் பக்கம் துரத்தியது. "வெட்டினால் துளிர்க்கும்" என்னும் நம் பொது நம்பிக்கை எல்லாச் செடிகளுக்கும் பொருந்துவதன்று என்பதைக் காலம் கடந்து கற்றுக்கொண்டேன். வாசகர்களுள் எவரேனும் இந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்னர் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருப்பின், சற்றுப் பொறுத்து இதைப் படித்துவிட்டுச் செடியண்டை செல்லும்படி வேண்டுகிறேன்.

செடிகளைக் கழித்துவிடுவதைக் கவாத்து என்கிறோம். காவலர்கள் மைதானத்தில் வரிசையாக நின்று செய்யும் பயிற்சிக்கும் அதே பெயர்தான்! பலர் செடிகளையும் அந்த முறையிலேயே நடத்துகின்றனர். எல்லாவற்றுக்கும் ஒரே உயரம், ஒரே கட்டளை. ஆனால் செடிக்குச் செடி இயல்பு வேறு.

திராட்சைக் கொடியைக் கழித்துவிடும் தோட்டக்காரரின் உவமை நம் செவிகளில் ஊறியது. யோவான் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இராது. ஆண்டவர் அதைச் சொன்ன நாட்டில் திராட்சை குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். அதற்கு முன்பே தன் உணவைத் தண்டிலும் வேரிலும் சேமித்துக்கொள்ளும். ஆகையால் கொடியின் பெரும்பகுதியை வெட்டி எறிந்தாலும், வசந்தம் வந்ததும் சேமிப்பிலிருந்து செலவு செய்து சீறிப் பாயும். நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை அப்படி முற்றிலும் உறங்குவதில்லை. எனினும் வேகமாக வளரும் கொடியாதலின் உழவர்கள் ஆண்டில் இருமுறை கூடக் கவாத்து செய்து காய்க்க வைக்கின்றனர். (அங்கு விளையும் பன்னீர்த் திராட்சையைத் தமிழ்நாட்டுக்கு 1832-இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குரு என்பதும், 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதும் நம் மக்களுள் பலர் அறியாத செய்திகள்.) திராட்சைக்குப் பொருந்தும் இத்தகைய கடுங்கவாத்தை, என்றும் பசுமையாய் மெல்ல வளரும் செடியிடம் காட்டினால் அதன் விளைவு வேறு.

காரணம் எளிது. என்றும் பசுமை மாறாத செடிக்கு இலையே சமையலறை. பெருமளவுக்குக் களஞ்சியமும் அதுவே. இலை உதிர்க்கும் செடியைப்போல் அது எல்லாவற்றையும் வேருக்கு அனுப்பிவைத்துவிட்டு ஓய்வெடுப்பதில்லை. ஆகவே ஒரு பசுங்கிளையை வெட்டும்போது, உணவு ஆக்கும் இடத்தையும், ஆக்கி வைத்த உணவில் ஒரு பங்கையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம். வேகமாக வளரும் செடியானால் அந்த இழப்பைச் சில வாரங்களில் ஈடுசெய்யும். ஆண்டுக்கு ஒரு சாண் மட்டுமே வளரும் செடி அந்தக் கடனை அடைக்க ஆண்டுகள் ஆகும். எந்தச் செடியிலும் ஒரே வேளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது என்பது பொதுவான விதி. மெல்ல வளர்பவற்றுக்கு நான்கில் ஒரு பங்கே போதும் என்பேன் நான். அதிலும் குறைத்தால் குற்றமில்லை.

இதற்கு மேலும் ஒன்றுண்டு. தேயிலையும் என்றும் பசுமையான செடிதான். கத்தரியாது விட்டால் சிறு மரமாகவே வளர்ந்துவிடும். நீலகிரியிலும் வால்பாறையிலும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை ஏறத்தாழ இரண்டடி உயரத்துக்கு இலையின்றி வெட்டி நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அது மீண்டும் துளிர்க்கிறதே, தூஜா மட்டும் ஏன் துளிர்க்கவில்லை? தேயிலையின் பழங்கட்டையின் பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் உள்ளன. மேலே உள்ளவற்றை நீக்கியதும் அவை விழித்தெழும். அப்படியும் தோட்டத்தார் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதில்லை. வெட்டுவதற்கு முன்னர்ச் செடியின் வேரை நறுக்கி, அதில் அயோடின் கரைசலைத் தடவிப் பார்ப்பர். கருநீலமாக மாறினால் வேரில் மாச்சத்து போதிய அளவு இருக்கிறது என்று பொருள். மாறாவிடில் செடிக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பின்னரே வெட்டுவர். நலிந்த செடியானால், ஓரிரு இலைக்கிளைகளை மட்டும் வெட்டாமல் விட்டுவைத்து, புதுத்துளிர் வரும்வரை அவை செடிக்கு உணவூட்டும்படி செய்வர். ஆயிரக்கணக்கான செடிகளை வளர்ப்போர் ஒரு செடியின் வேரைக் கூடச் சோதித்துப் பார்க்கின்றனர். இரண்டே செடிகளை வைத்திருந்த நானோ எதையும் பார்க்கவில்லை.

தூஜாவின் பழங்கட்டையில் அந்த உறங்கும் மொட்டுகள் கிடையா. அதனைக் கையால் விலக்கிப் பாருங்கள். புறத்தே ஒரு சாண் கனத்துக்குத்தான் பச்சை. உள்ளே வெயில் படாத பகுதி பழுத்து உதிர்ந்து, வெறுங்குச்சிகளாக நிற்கும். அது நோயன்று, அதன் இயல்பு. பச்சைக்கும் பழுப்புக்கும் இடையிலுள்ள அந்த எல்லைதான் கத்தரி தாண்டக்கூடாத கோடு. பச்சைக்குள் எங்கு வெட்டினாலும் பக்கத்திலிருந்து துளிர் வரும். கோட்டைத் தாண்டி வெட்டினால் அந்த இடம் வெட்டினது வெட்டினபடியே நிற்கும். ஐரோப்பியக் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் யூ மரம் போன்ற ஒருசில ஊசியிலை இனங்கள் பழங்கட்டையிலிருந்தும் துளிர்க்கும். தூஜாவோ சவுக்கினத்தைப்போல் தோன்றும் பிற அலங்காரச் செடிகளோ அப்படித் துளிர்க்கும் என்று நம்பி இறங்கவேண்டாம்.

பேச்சு ஐரோப்பாவைத் தொட்டுவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பனையும் தென்னையும் வளராத பிரான்சு, செருமனி ஆகிய நாடுகளில் குருத்து ஞாயிறன்று மக்கள் பாக்ஸ் என்னும் குறுஞ்செடியின் கிளைகளையே ஆலயத்துக்குக் கொண்டுவந்து மந்திரித்துச் செல்வர். அதுவும் என்றும் பசுமையானது. மிகமிக மெல்ல வளர்வது. வீட்டுச் செடியிலிருந்து ஆளுக்கு ஒரு சிறுகிளை என்ற அளவோடு தலைமுறை தலைமுறையாக எடுத்து வந்திருக்கின்றனர். 2007-ஆம் ஆண்டளவில் கிழக்காசியாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சி செருமனிக்குள் நுழைந்து, அதன் புழுக்கள் பாக்ஸ் செடிகளை மொட்டையடிக்கத் தொடங்கிய பிறகு, பல ஊர்களில் அந்தப் பழைய வேலிகளே அழிந்துபோயின. கத்தரியால் வராத கேடு புழுவால் வந்தது.

இனி நம் முற்றத்துக்கே திரும்புவோம். ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இருப்பது இட்லிப்பூச் செடி. இலக்கியத்தில் இதற்கு வெட்சி என்று பெயர். பகைவரின் ஆநிரை கவரச் செல்லும் மறவர் சூடிய செம்பூ. 1753-இல் இலின்னேயசு என்னும் தாவர அறிஞர் இதற்கு இக்சோரா என்று பெயரிட்டார். ஈசுவரன் என்னும் நம் நாட்டுச் சொல்லே கடல் கடந்து சென்று அப்படித் திரிந்தது. சிறுவயதில் இதன் பூவைக் காம்போடு உருவி, தேனை உறிஞ்சாதவர் யார்?

இந்தச் செடியைப் பொறுத்தவரை நாம் செய்யும் பெரும்பிழை, வேலி போலாக்க வேண்டுமென்று பெருங்கத்தரியால் மாதந்தோறும் மேலே சீவிவிடுவது. வெட்சி பூப்பது புதுத்துளிரின் நுனியில். நுனியை ஓயாமல் சீவிக்கொண்டிருந்தால் பூங்கொத்துக்கு இடமேது? "செடி செழிப்பாக இருக்கிறது, பூக்கத்தான் மாட்டேன் என்கிறது" என்று குறைபட்டுக்கொள்ளும் வீடுகளில், குற்றம் பெரும்பாலும் கத்தரியைப் பிடித்த கையினுடையது. சீவுவதால் மற்றொரு கேடும் உண்டு. மேற்புறத்தில் மட்டும் துளிர்கள் நெருங்கி ஒரு கூரைபோல் மூடிக்கொள்ள, உள்ளே ஒளி புகாது. நாளடைவில் செடி வெறுங்கால்களும் பச்சைத் தொப்பியுமாக நிற்கும்.

செய்யத்தக்கது இதுதான். ஒரு பருவத்துப் பூக்கள் வாடிய பின், வாடிய கொத்தை அதன் கீழுள்ள ஓரிணை இலையோடு சேர்த்து, கைக்கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கவேண்டும். வெட்டு, கீழே நிற்கும் இலைக்கணுவுக்குச் சற்று மேலாக அமையவேண்டும். கணுவை ஒட்டி வெட்டினால் மொட்டு காயும்; நீளமாக விட்டால் அந்தக் குச்சி காய்ந்து அழுகலுக்கு வழிசெய்யும். கணு எந்தத் திசையை நோக்கியிருக்கிறதோ அந்தத் திசையில்தான் புதுக்கிளை போகும். ஆதலின் வெளிநோக்கிய கணுவையே தேர்ந்தெடுக்கவேண்டும். பல்லாண்டு கவனிப்பின்றி முதிர்ந்துபோன வெட்சியானால், ஒரே நாளில் மொட்டையடித்து இளமையாக்க முயலவேண்டாம். மிக முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் இவ்வாண்டு தாழ வெட்டுங்கள். எஞ்சியவற்றில் பாதி அடுத்த ஆண்டு, மீதி அதற்கடுத்த ஆண்டு. மூன்றாண்டு முடிவில் செடி முழுவதும் புதிதாகியிருக்கும். இடையில் ஒரு நாளும் இலையின்றி நின்றிராது.

வெட்சியின் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருப்பின், அதையும் வெட்டி எறிந்து தீர்க்கப் பார்ப்போர் உளர். அது கத்தரியால் தீரும் நோயன்று, இரும்புச்சத்துக் குறைவு. புதுச்சுவர் எழுப்பிய இடத்தில் சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணில் கலந்திருந்தால் இவ்வாறு நேரும். லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெயில் தாழ்ந்த பின் இலையில் தெளித்தால் தெளியும். மட்கிய எருவையும் அடியில் இடவேண்டும்.

கறிவேப்பிலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இல்லத்தரசியர் மன்னியார். நட்ட முதல் ஓரிரு ஆண்டுகள் அது வளர்கிறதா என்றே ஐயம் தோன்றும். அப்போது இலை பறித்தல் ஆகாது. மூன்றடி உயரம் வந்ததும் உச்சிக் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் ஐந்தாறு பக்கக்கிளைகள் கிளம்பும். இன்றேல் எட்டாத உயரத்துக்கு ஒற்றைக் கம்பாகப் போய்விடும். பின்னர்த் தாளிப்புக்கு எடுக்கும்போதும், ஈர்க்கை விட்டுவிட்டு இலையை மட்டும் உருவுவதைக் காட்டிலும், கிளை நுனியை நான்கைந்து ஈர்க்கோடு கணுவுக்கு மேலே நறுக்குவதே நன்று. அன்றாடச் சமையலே அதற்குக் கவாத்தாகிவிடும். இதனாலோ என்னவோ, எந்த நூலும் படியாத நம் பாட்டிமார் வளர்த்த கறிவேப்பிலைகள் நன்றாகவே இருந்தன. அறிவியலார் அதற்கு இட்ட பெயரில், 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக் என்னும் மிஷன் மருத்துவரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாவரங்களைத் தேடி நம் மண்ணில் அலைந்தவர் அவர்.

காலம் அறிந்து வெட்டவேண்டும் என்பதில் ஒரு சிக்கலுண்டு. நாம் செடியை வெட்டுவது பெரும்பாலும் நம் திருநாள்களை முன்னிட்டே. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள். அதற்காக அக்டோபர் இறுதியில் கல்லறைகளைச் சுற்றியுள்ள செடிகளையெல்லாம் வெட்டிச் சீராக்குகிறோம். அதுவோ வடகிழக்குப் பருவமழை இறங்கும் காலம். ஈரம் காயாத வெட்டுவாயில் பூசணம் எளிதில் நுழையும். வாடியவற்றைக் கிள்ளுவதோடு அப்போது நிறுத்திக்கொண்டு, பெருங்கிளை வெட்டுவதைத் தை, மாசிக்கு ஒத்திவைப்பது நல்லது. வெயில் தணிந்து சிறுமழை பெய்யும் ஆடி, ஆவணியும் ஏற்றதே. கத்தரி வெயில் என்று பெயர் வைத்திருப்பதால் அது கத்தரிக்கும் காலமென்று எவரும் எண்ணிவிடவேண்டாம்! இலை நிழலிலேயே வளர்ந்த உட்கிளைகள் திடீரெனச் சித்திரை வெயிலைக் கண்டால் பட்டை வெந்து பிளக்கும். உதகை, கோடைக்கானல் போன்ற மலையூர்களில் இருப்போர் உறைபனிக் காலத்துக்குச் சற்று முன்னர் வெட்டுவதைத் தவிர்க்கவேண்டும். வெட்டியபின் வரும் இளந்துளிரைப் பனி கருக்கிவிடும்.

கருவி கூர்மையாக இருக்கவேண்டும் என்பதை விரிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு செடியை முடித்து மறு செடிக்குச் செல்லுமுன் கத்தரியின் வாயை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பவர் மிகச் சிலரே. நோயுற்ற செடியிலிருந்து நல்ல செடிக்கு நோயைச் சுமந்து செல்வது பெரும்பாலும் நாம்தான். சிறு வெட்டுகளுக்குப் பூச்சு எதுவும் வேண்டா. கட்டைவிரலினும் பருத்த கிளையை மழைக்காலத்தை ஒட்டி வெட்ட நேர்ந்தால் மட்டும், மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம் தனித்தனியே கரைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு லிட்டர் பசையாக்கி வெட்டுவாயில் தடவலாம். அதற்கு இரும்புப் பாத்திரம் ஆகாது. மண்சட்டியோ பிளாஸ்டிக் வாளியோ கொள்க.

அரளியும் நம் முற்றத்தில் நிற்பதால் ஓர் எச்சரிக்கை. அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. வெட்டியதை அடுப்பில் எரிக்கவோ, ஆடு மாடு மேயும் இடத்தில் போடவோ கூடாது. கையைக் கழுவாமல் உண்ணவும் கூடாது.

கத்தரியை வைக்குமுன் செடிக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். தூஜாவின் அடர்த்திக்குள்ளும் வெட்சியின் கவையிலும் சின்னான் குருவி கிண்ணம்போல் கூடு கட்டும். முட்டை இருப்பின் ஒரு மாதம் பொறுத்தால் போதும். அதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும். குளவிக் கூடும் அங்கே இருக்கக்கூடும் என்பது, பிறருக்காக அன்றி நமக்காகவே பார்க்கவேண்டிய காரணம்.

எங்கள் வலப்புறச் செடியின் கதையை முடிக்கவேண்டும். வெறுமையான அந்தப் பக்கத்தை மீட்க வழியில்லை என்று தெளிந்த பிறகு, இருபுறமும் இருந்த பசுங்கிளைகளைச் சற்றே வளைத்து, வெற்றிடத்தின் குறுக்கே தேங்காய்நார்க் கயிற்றால் தளர்வாகக் கட்டிவைத்தேன். ஆண்டுக்கொருமுறை கட்டை அவிழ்த்து மாற்றிக் கட்டவேண்டும். இல்லையேல் கயிறு பட்டைக்குள் அழுந்திவிடும். அதற்கு முன்னால் இரண்டடி தள்ளி ஒரு வெட்சியையும் நட்டேன். ஏழாண்டுகள் ஆகின்றன. வெற்றிடம் இன்னும் முழுதும் மூடவில்லை. ஓர் அடி அகலத்துக்குக் கட்டை தெரிகிறது. ஆனால் தெருவில் நின்று பார்ப்போருக்கு வெட்சியின் செங்கொத்துகளே தெரியும்.

குடிலுக்குக் கிளை கேட்டு இன்றும் இளைஞர்கள் வருகின்றனர். இல்லை என்று சொல்வதில்லை. கைக்கத்தரியோடு நானே உடன் செல்கிறேன். செடியைச் சுற்றி வந்து, மேலே உள்ள இலைத்தட்டு மறைக்கும்படியாக, பச்சைக்குள்ளேயே, கையளவு நுனிகளாக இங்கொன்றும் அங்கொன்றும் நறுக்கித் தருகிறேன். ஒரு கூடை நிரம்பும். மாட்டுத்தொழுவத்தின் கூரையை மூட அது போதாது என்று சென்ற ஆண்டு ஒரு பையன் முணுமுணுத்தான். மேற்கொண்டு வேண்டியதற்குத் தென்னோலை இருக்கிறது. கொல்லையில் நான்கு மரங்கள் நிற்கின்றன, ஏறிப் பறித்துக்கொள் என்றேன்.